ஓராண்டுச் சிறைக்கு 42,000 டாலர்: பிலடெல்பியா மூன்று முறை தேர்ந்தெடுத்த லாரி கிராஸ்னர்

2018இல் ஒருவரை ஓராண்டு சிறையில் வைக்கக் குறைந்தது 42,000 டாலர் ஆனது. மூன்றாண்டு என்றால் 1,26,000 டாலர். அந்த ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பெருநகரமான பிலடெல்பியாவின் மாவட்ட அட்டர்னி அலுவலகத்தின் வழக்கறிஞர்களுக்கு வந்த ஒரு சுற்றறிக்கையில் இந்தப் பெருக்கல் கணக்கு அப்படியே போட்டுக் காட்டப்பட்டிருந்தது. இனி நீதிபதியிடம் யாருக்காவது சிறைத்தண்டனை கேட்டால், அதற்கு வரி கட்டுபவர்கள் எவ்வளவு கொடுக்கப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் செலவு ஏன் தகும் என்று நீதிமன்றப் பதிவில் ஏறும்படி விளக்கவும் வேண்டும். தேவையில்லாத ஓராண்டுச் சிறைக்கு ஆகும் செலவு, புதிதாக வேலைக்குச் சேரும் ஓர் ஆசிரியரின், ஒரு காவலரின், ஒரு தீயணைப்பு வீரரின் ஓராண்டுச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட சமம் என்றும் அதில் எழுதியிருந்தது.

தண்டனை வாங்கித் தருவதையே வேலையாகக் கொண்ட ஒரு அலுவலகத்துக்கு அதன் தலைவரே எழுதிய கடிதம் இது. அவர் லாரி கிராஸ்னர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் 30 ஆண்டுகள் அந்த அலுவலகத்தை எதிர்த்து வாதாடியவர். அப்படிப்பட்ட ஒருவர் எப்படி அங்கே போய் உட்கார முடிந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தப் பதவி எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்காவில் குற்ற வழக்குகளை அரசுத் தரப்பில் நடத்தும் தலைமை வழக்கறிஞரை அநேகமாக எல்லா மாநிலங்களிலும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அலாஸ்கா, கனெக்டிகட், டெலாவேர், நியூ ஜெர்சி ஆகிய நான்கு மாநிலங்கள் மட்டும் விலக்கு. பென்சில்வேனியாவில் 1850 முதலே இந்த வழக்கம் இருக்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒரு தேர்தல். அதில் ஜெயித்து வருபவர்தான் மாவட்ட அட்டர்னி. அரசு நியமிக்கும் வழக்கறிஞரை மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு, வழக்கு நடத்துகிறவர் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டு வருவது விநோதமாகத்தான் படும்.

அவர் கையில் இருக்கும் அதிகாரம் அதைவிட ஆச்சரியமானது. பிலடெல்பியாவில் போலீஸ் ஒருவரைக் கைது செய்யலாம். ஆனால் அவர் மேல் என்ன வழக்கு, எத்தனை வழக்கு, வழக்கு உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது அட்டர்னி அலுவலகத்தின் ஒரு பிரிவு. இரவு பகலாக இயங்கும் பிரிவு அது. அப்புறம், அமெரிக்காவில் குற்றத் தீர்ப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விசாரணையே நடக்காமல் வருபவை. 'இந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் இவ்வளவு தண்டனையோடு விட்டுவிடுகிறோம்' என்று அரசுத் தரப்பு சொல்லும், எதிராளி தலையாட்டுவார், நீதிபதி கையெழுத்துப் போடுவார், அத்தோடு சரி. நாடகங்களில் நாம் பார்க்கும் வாதப் பிரதிவாதம் நூற்றில் ஐந்தாறு வழக்கில் நடந்தால் அதிகம். ஆகவே தண்டனையின் அளவை உண்மையில் தீர்மானிப்பது, நீதிபதி மேசைக்குக் கோப்பு வருவதற்கு முன்பே பேரத்தை வைக்கிற ஆள்தான். அந்த ஆளுக்கு மேலதிகாரி என்று யாரும் இல்லை. வாக்காளர் மட்டும்தான்.

பிலடெல்பியாவில் இந்த நாற்காலி பெரிய பதவிகளுக்கு ஏணியாகவும் இருந்திருக்கிறது. ஆர்லன் ஸ்பெக்டர் இங்கிருந்துதான் கிளம்பி அமெரிக்க செனட்டில் 30 ஆண்டுகள் இருந்தார். எட் ரெண்டல் இங்கிருந்து நகர மேயர் ஆகி, பிறகு மாநில ஆளுநர் ஆனார். ரான் காஸ்டில் மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி வரை போனார். ஏணியில் ஏறுகிறவருக்கு ஒரு பட்டியல் வேண்டும். எத்தனை பேரை உள்ளே தள்ளினேன் என்ற பட்டியல்தான் அது. காஸ்டில் 1993இல் உச்ச நீதிமன்றப் பதவிக்குப் போட்டியிட்டபோது, 45 பேரை மரண தண்டனைக்கு அனுப்பியதைச் சொல்லியே ஓட்டுக் கேட்டார். அட்டர்னியாக இருந்தபோது ஒருவருக்கு மரண தண்டனை கேட்கலாம் என்று கையெழுத்துப் போட்டு அனுமதித்தவரும் அவரே. பல ஆண்டுகள் கழித்து அதே ஆளின் மேல்முறையீட்டில் நீதிபதியாக உட்கார்ந்தவரும் அவரே. விலகச் சொல்லிக் கேட்டும் விலகவில்லை. அது தவறு என்று 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரு கையால் தண்டனை கேட்டுவிட்டு மறு கையால் அதைச் சரிபார்ப்பது நியாயமில்லை என்பதைச் சொல்ல நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

காஸ்டிலுக்குப் பின் 1991இல் லின் ஏப்ரஹாம் வந்தார், 2010 தொடக்கம் வரை இருந்தார். நாட்டிலேயே மரண தண்டனையை அதிகம் கேட்கும் அட்டர்னி என்று 1995இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் அவரைப் பற்றி எழுதியது. அவர் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன. பின்னாளில் கிராஸ்னரின் அலுவலகம் 1978 முதல் 2017 வரை பிலடெல்பியாவில் விதிக்கப்பட்ட 155 மரண தண்டனைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தது. அவற்றில் 72 சதவீதம் மேல்முறையீட்டில் ரத்தாகியிருந்தன. அப்போது மரண தண்டனைக் கைதிகளாக இருந்த 45 பேரில் 37 பேர் கறுப்பினத்தவர். 2019இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் இந்தக் கணக்கை முன்வைத்து, இங்கே மரண தண்டனை நடைமுறையில் அரசியல் சட்டத்துக்கே முரணாக இருக்கிறது என்று வாதிட்டது அதே அலுவலகம். அதே கட்டடம், அதே பெயர்ப்பலகை, நேர் எதிர் வாதம்.

கிராஸ்னர் 1961இல் மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். அப்பா துப்பறியும் கதைகள் எழுதியவர். அம்மா கிறிஸ்தவப் போதகர். சிகாகோ பல்கலைக்கழகம், அப்புறம் 1987இல் ஸ்டான்போர்டில் சட்டப் பட்டம். அந்தப் படிப்புக்குப் பெரிய நிறுவனங்கள் கதவைத் திறந்து வைத்திருக்கும். அவர் பிலடெல்பியாவில் வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞராகச் சேர்ந்தார். 1993இல் சொந்த அலுவலகம் தொடங்கினார். போராட்டத்தில் கைதானவர்களுக்குக் காசு வாங்காமல் ஆஜரானார். 2000இல் குடியரசுக் கட்சி மாநாட்டின்போது கைதானவர்கள், பின்பு பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்த ஆக்குபை போராட்டக்காரர்கள், 'கறுப்பின உயிர்களும் முக்கியம்' இயக்கத்தினர் என்று அந்த வரிசை நீண்டது. பிலடெல்பியா போலீஸ் மேல் 75 வழக்கு போட்டவர் என்பதுதான் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட அடையாளம்.

2017 பிப்ரவரியில் இவர் அட்டர்னி பதவிக்கு நிற்கிறேன் என்று அறிவித்தபோது, நகைப்புக்குரியது என்றார் போலீஸ் சங்கத் தலைவர். கிராஸ்னர் அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. அரசுத் தரப்பில் ஒரு நாளும் வழக்கு நடத்தியதில்லை. ஆனால் காலம் கைகொடுத்தது. பதவியில் இருந்த சேத் வில்லியம்ஸ், பென்சில்வேனியாவின் முதல் கறுப்பின மாவட்ட அட்டர்னி என்ற பெருமையோடு வந்தவர், லஞ்சப் புகாரில் சிக்கி இனி நிற்கவில்லை என்று அறிவித்துவிட்டார். மார்ச்சில் மத்திய அரசு அவர் மேல் வழக்கு போட்டது. டொமினிகன் குடியரசுக்கு ஓசிச் சுற்றுலா, ஒரு ஜாகுவார் கார், 3,000 டாலருக்கு மேல் விலையுள்ள சோபா என்று நீண்டது பட்டியல். தன் தாயின் முதியோர் இல்லச் செலவுக்கான பணத்தையே திருப்பிக்கொண்டார் என்பதும் அதில் ஒன்று. அக்டோபரில் ஐந்தாண்டுச் சிறை. ஊரையே உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த பதவிக்காரர் தானே உள்ளே போனார்.

பிலடெல்பியாவில் ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்தவர்கள் ஏழு பேர் என்றால், குடியரசுக் கட்சியில் ஒருவர். ஆகவே நவம்பர் தேர்தல் பெயருக்குத்தான். மே மாதம் நடக்கும் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தவர் ஜெயித்த மாதிரி. 2017 மே 16 அன்று களத்தில் ஏழு பேர். கிராஸ்னருக்கு 38 சதவீதம். பதிவு செய்த வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்கூட அன்று வாக்குச்சாவடிப் பக்கம் வரவில்லை. 15 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரில், 60,000க்கும் குறைவான ஓட்டில் அந்தப் பதவி கைமாறியது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸ் பணம் கொடுத்த ஒரு குழு அவருக்காக 14 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டது. உள்ளூர்த் தேர்தலுக்கு அது மலையளவு பணம். அந்தப் பணம் இல்லாவிட்டால் அவர் ஜெயித்திருப்பாரா என்ற கேள்வியை எதிரிகள் கேட்பதில் தவறில்லை. ஆனால் சிறையிலிருந்து திரும்பி வந்தவர்களும் அவர்களுடைய குடும்பங்களும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியதும் உண்மை. பணத்தால் துண்டறிக்கை அச்சடிக்க முடியும். மகனை உள்ளே விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் ஒரு தாய் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது வேறு. நவம்பரில் நான்கில் மூன்று பங்கு ஓட்டு வாங்கினார் கிராஸ்னர்.

பதவியேற்ற முதல் வாரத்திலேயே 31 வழக்கறிஞர்களை ராஜினாமா செய்யச் சொன்னார். பிறகு வந்ததுதான் முதலில் சொன்ன சுற்றறிக்கை. கஞ்சா வைத்திருந்ததற்கு மட்டும் இனி வழக்கு கிடையாது. கடையில் 500 டாலருக்குக் குறைவாகத் திருடினால் சிறு குற்றமாகவே பதிவு. பேரத்தில் கேட்கும் தண்டனையைத் தண்டனை வழிகாட்டு நெறியின் அடிமட்டத்துக்கும் கீழே வைத்துத் தொடங்க வேண்டும். அதே மாதத்தில் 25 வகைக் குற்றங்களுக்கு ஜாமீன் பணம் கேட்பதையும் நிறுத்தினார்.

இந்த ஜாமீன் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நகரின் நடுவில் உள்ள குற்றவியல் நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஓர் அறை. அங்கே ஒரு நடுவர் உட்கார்ந்திருப்பார். நள்ளிரவு, விடிகாலை என்று பார்க்காமல் 24 மணி நேரமும் அது இயங்கும். கைதானவர் அங்கே நேரில் வருவதில்லை. காவல் நிலைய லாக்கப்பிலிருந்து ஒரு திரையில் தெரிவார். பெயர், குற்றம், முன்பு ஏதாவது வழக்கு உண்டா என்ற விவரம், இரண்டு தரப்பிலும் ஒன்றிரண்டு வாக்கியம். இரண்டு மூன்று நிமிடத்தில் தொகை சொல்லப்பட்டுவிடும். அடுத்த முகம் திரைக்கு வரும். 5,000 டாலர் என்றால் பத்தில் ஒரு பங்கைக் கட்டி வெளியே வரலாம், அதாவது 500 டாலர். அந்த 500 இருந்தால் அன்றைக்கே வீடு. இல்லாதவர் சிறையில் கிடப்பார். கிடக்கும் நாட்களில் வேலை போகும், வாடகை நிற்கும். கடைசியில் 'ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்' என்று பேரம் வரும்போது, செய்யாத குற்றத்தைக்கூடச் செய்ததாகச் சொல்லத் தோன்றும். பணத்தை வைத்து ஆளைப் பிரிக்கும் இந்தச் சல்லடையைத்தான் 25 குற்றங்களுக்கு அவர் எடுத்துவிட்டார். பிறகு இரண்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தபோது, பணம் கட்டாமல் வெளியே போனவர்கள் நீதிமன்றத்துக்கு வராமல் இருப்பதோ மறுபடி குற்றம் செய்வதோ கூடியதாகத் தெரியவில்லை. நகரச் சிறைகளில் 2015 வாக்கில் 8,000 பேர் இருந்தார்கள். 2019இல் 5,000க்கும் கீழே வந்தது. இதில் பாதிப் புகழ் அவருக்கு முன்பே நகரமும் நீதிமன்றங்களும் தொடங்கிய முயற்சிக்குச் சேர வேண்டும்.

பழைய வழக்குகளைத் திரும்பத் திறந்து பார்க்கும் பிரிவு ஒன்றையும் வலுப்படுத்தினார். 1991ஆம் ஆண்டுக் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு 28 ஆண்டுகள் உள்ளே இருந்த ஒருவர் 2019 ஜூலையில் வெளியே வந்தார். அவருக்குச் சாதகமாக இருந்திருக்கக்கூடிய தகவல்கள் போலீஸ் கோப்பில் அத்தனை காலமும் தூங்கிக்கொண்டிருந்தன. கிராஸ்னரின் முதல் நான்கு ஆண்டுகளில் இப்படிச் சுமார் 20 பேர் விடுதலையானார்கள். இவர் செய்ததில் இது ஒன்றுக்காகவே இந்தப் பதவி இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் கதை இத்தோடு நின்றுவிடவில்லை. 2017இல் நகரில் 315 கொலைகள். 2019இல் 356. பெருந்தொற்று வந்த 2020இல் 499. 2021இல் 562, நகர வரலாற்றிலேயே அதிகம். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு, ஒரு சாவு. துப்பாக்கி வழக்குகளில் தண்டனை கிடைக்கும் விகிதமும் குறைந்தது. அனுபவசாலிகள் பலர் போய்விட்டதால் புது ஆட்கள் தடுமாறினார்கள் என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. இன்னொரு பக்கம், 2021இல் நடந்த கொலைகளில் பாதியில்கூடப் போலீஸ் ஆளைப் பிடிக்கவில்லை. பிடிபடாதவர் மேல் எந்த அட்டர்னியும் வழக்கு நடத்த முடியாது. முந்தைய உச்சமான 500 கொலைகள் 1990இல் நடந்தன. அப்போது பதவியில் இருந்தவர் கண்டிப்புக்குப் பேர்போன காஸ்டில்.

2021 மே உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் கார்லோஸ் வேகா. 2018இல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட 31 பேரில் ஒருவர். 35 ஆண்டுகள் அந்த அலுவலகத்தில் இருந்து கொலை வழக்குகளை நடத்தியவர். போலீஸ் சங்கம் குடியரசுக் கட்சிக்காரர்களைக் கட்சி மாறிப் பதிவு செய்து வேகாவுக்கு ஓட்டுப் போடச் சொன்னது. அட்டர்னி அலுவலக வாசலில் 'மிஸ்டர் சாஃப்டி' ஐஸ்கிரீம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி வருவோர் போவோருக்கு இலவசமாகக் கொடுத்தது. 'சாஃப்டி' என்றால் மென்மையானவர். குற்றவாளிகளிடம் குழைகிறவர் என்பது அந்த வண்டியின் செய்தி.

முடிவு வந்தது. கிராஸ்னருக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. வார்டு வாரியாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும். போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் அதிகம் குடியிருக்கும் வடகிழக்குப் பகுதி வேகா பக்கம் போனது. துப்பாக்கிச்சூடு மிகுதியாக நடக்கும் வடக்கு, மேற்கு பிலடெல்பியாவின் கறுப்பின வட்டாரங்கள் கிராஸ்னருக்கு அள்ளிக் கொடுத்தன. இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் படுக்கையிலிருந்து எழுந்தவர்கள் அவர்கள்தான். பிள்ளைகளைச் சவக்கிடங்கில் பார்த்தவர்களும் அவர்கள்தான். அதே தெருக்களிலிருந்துதான் நகரச் சிறைகளும் நிரம்பியிருந்தன. இரண்டு வலியையும் ஒரே வீட்டில் அனுபவித்தவர்கள் கடுமையான அட்டர்னி வந்தால் கொலை குறையும் என்ற வாக்குறுதியை ஏற்கெனவே ஒரு தலைமுறை கேட்டுப் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று அர்த்தமில்லை. எந்த வழியில் என்பதில்தான் அவர்களுக்கு வேறு கருத்து.

அந்த நம்பிக்கையை அவரே ஒருமுறை நோகடித்தார். 2021 டிசம்பரில் செய்தியாளர்களிடம், நகரில் குற்ற நெருக்கடி ஒன்றும் இல்லை என்ற பொருளில் பேசிவிட்டார். கொலை எண்ணிக்கை 500ஐத் தாண்டியிருந்த நேரம். முன்னாள் மேயர் மைக்கேல் நட்டர், அவரும் கறுப்பினத்தவர், நாளிதழில் எழுதிய கட்டுரையில் கிழித்துத் தொங்கவிட்டார். சில நாளில் கிராஸ்னர் வருத்தம் தெரிவித்தார். எண்களை அலசுவது வேறு, சாவு வீட்டு வாசலில் நின்று பேசுவது வேறு. அதை அவர் முன்பே உணர்ந்திருக்க வேண்டும்.

நகரத்தில் தோற்றவர்கள் மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கை நாடினார்கள். 2022 நவம்பர் 16 அன்று, குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த மாநிலக் கீழவை, 107க்கு 85 என்ற கணக்கில் அவர்மேல் பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. லஞ்சம் வாங்கினார் என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பாலும் அவருடைய கொள்கைகளும் நிர்வாகமும்தான் குற்றச்சாட்டு. அடுத்து மாநில மேலவையான செனட்டில் நடக்க வேண்டிய விசாரணை நடக்கவே இல்லை. அந்தக் கூட்டத்தொடர் முடிந்ததோடு தீர்மானமும் செல்லாததாகிவிட்டது என்று 2024 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

சத்தமில்லாமல் நடந்த வேலை வேறு. 2019இல் மாநில சட்டமன்றம், பிலடெல்பியாவில் மட்டும் சில துப்பாக்கிக் குற்றங்களை மாநில அட்டர்னி ஜெனரலும் நடத்தலாம் என்று ஒரு சட்டம் போட்டது. அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஜோஷ் ஷபிரோ, கிராஸ்னரின் கட்சிக்காரரே. 2023 டிசம்பரில், ஆளுநராகிவிட்ட அதே ஷபிரோ, நகரப் பேருந்து ரயில்களில் நடக்கும் குற்றங்களுக்குத் தனி வழக்கறிஞரை நியமிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலத்தின் மற்ற அட்டர்னிகள் யாருக்கும் இப்படி நேரவில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்த அதிகாரத்தை, அந்த ஊரில் ஓட்டே இல்லாத உறுப்பினர்கள் கூடிக் கொஞ்சம் கொஞ்சமாக அரிந்தெடுப்பது எனக்குப் பதவிநீக்கத்தைவிடப் பெரிய கவலை.

இதற்கிடையில் கொலைகள் குறைந்தன. 2022இல் 516, 2023இல் 410, 2024இல் 269. ஏறியபோது அட்டர்னி ஒருவரையே காரணம் சொன்னது எவ்வளவு தவறோ, இறங்கியபோது அவருக்கே மாலை போடுவதும் அவ்வளவு தவறு. நாட்டின் மற்ற பெருநகரங்களிலும், கண்டிப்பான அட்டர்னிகள் இருந்த ஊர்களிலும், ஏற்றமும் இறக்கமும் இதே காலத்தில்தான் வந்தன.

2025 மே 20 உட்கட்சித் தேர்தலில், நகர நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பாட்ரிக் டூகனை, 64 சதவீத அளவில் ஓட்டு வாங்கி வென்றார் கிராஸ்னர். குடியரசுக் கட்சியில் யாரும் நிற்கவில்லை. அந்தக் கட்சி வாக்காளர்களில் ஓராயிரம் பேருக்கு மேல் தங்கள் உட்கட்சித் தேர்தலில் டூகனின் பெயரைத் தாங்களே எழுதி ஓட்டுப் போட்டார்கள். ஜனநாயகக் கட்சியில் தோற்றவர் அதை ஏற்று, குடியரசுக் கட்சி வேட்பாளராக நவம்பரில் மறுபடி வந்தார். ஒரே ஆண்டில் அதே இருவர் இரண்டு தடவை மோதினார்கள். நவம்பர் 4 அன்று டூகன் இன்னும் பெரிய வித்தியாசத்தில் தோற்றார்.